டர்போ வண்டியில் பிக்கப் இல்லையா? டர்போவை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் சூளகிரிப் பக்கத்து ஏற்றத்தை நான்காவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிய வண்டி, இப்போது மூன்றாவதுக்கு இறக்கியும் முக்குகிறது. லாரியைத் தாண்ட மிதித்தால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. இந்தப் புகாரோடு பட்டறைக்குப் போனால், பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்திலேயே ‘டர்போ போச்சு’ என்ற தீர்ப்பு வந்துவிடுவது உண்டு. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. சின்ன டீசல் காருக்கே புது டர்போவுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். ஆனால் இழுவை குறைந்த வண்டிகளில் பலவற்றில் டர்போ நன்றாகவே இருக்கும். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், எலி கடித்த வேக்குவம் குழாய், தூசி அடைத்த ஃபில்டர், கரி பிடித்த இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குள் திருப்பி விடும் வால்வு) இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆகவே வரிசை முக்கியம். செலவில்லாத சோதனை முதலில், டர்போவைக் கழற்றுவது கடைசியில்.

எப்போது குறைகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

‘பிக்கப் இல்லை’ என்ற ஒரே பேச்சுக்குள் நாலைந்து தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஸ்பேனரை எடுக்கும் முன் இவற்றுக்கு விடை தெரிய வேண்டும்.

கீழ் வேகத்தில், அதாவது 1,500 முதல் 2,200 ஆர்பிஎம் வரை செத்துக் கிடந்து, அதற்கு மேல் ஓரளவு இழுக்கிறதா? காற்றுக் கசிவு, வேக்குவம் கோளாறு, திறந்தே சிக்கிக்கொண்ட இஜிஆர் இந்த வகையில் வரும். கீழே நன்றாக இழுத்து, 3,000 தாண்டியதும் மூச்சு முட்டுகிறதா? அப்படியானால் டீசல் ஃபில்டர், புகை போகும் வழியில் அடைப்பு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று யாரோ பிடித்து இழுத்ததுபோல் சக்தி போய், சாவியை அணைத்துப் போட்டதும் திரும்பி வருகிறதா? அது இன்ஜின் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வண்டியை லிம்ப் மோடில் போட்ட கதை. எங்கோ ஓர் அளவு அது எதிர்பார்த்த வரம்பைத் தாண்டியிருக்கிறது, பெரும்பாலும் அதன் கோடு, அதாவது பிழைக் குறியீடு, கம்ப்யூட்டரின் நினைவில் பதிந்திருக்கும்.

புகையையும் பாருங்கள். டீசலில் மிதிக்கும்போது கரும்புகை வந்தால் டீசல் போகிறது, அதற்கு ஈடான காற்று போகவில்லை என்று பொருள். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை, அல்லது கம்ப்யூட்டரே அளவைக் குறைத்துவிட்டது. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த வண்டியில், புகை போகும் வழியில் உள்ள டிபிஎஃப் என்ற வடிகட்டி கரியைப் பிடித்துக்கொள்வதால் இந்தப் புகைக் கணக்கை அதில் நம்ப முடியாது. நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவது. அது வந்தால் சோதனை ஓட்டம் வேண்டாம், நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றை இப்போதே கழித்துவிடலாம். நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் ஏறி, வேக முள் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகே புறங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மூன்றாவது, ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் மேட். சிரிப்பு வரும், ஆனால் பெடல் பாதிதான் இறங்குகிறது என்று தெரியாமல் ஃபில்டர், இன்ஜெக்டர் என்று பணம் இறைத்த வண்டிகள் உண்டு.

சாவியை மட்டும் திருப்பி ஓர் அளவு

இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் அளவுகளைக் கைப்பேசிக்கு அனுப்பும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று வாங்குங்கள். இஎல்எம்327 என்று கேட்டால் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளையுள்ள ஓபிடி சாக்கெட்டில் சொருகி, கைப்பேசியில் ஏதாவது ஓர் ஓபிடி செயலியை இணைத்தால் போதும். பட்டறையின் பெரிய ஸ்கேனர் காட்டும் எல்லாமும் இதில் வராது, இழுவைக் கோளாறைப் பிரித்தறிய வேண்டியதில் பெரும்பகுதி வரும்.

முதலில் பிழைக் கோடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழிக்க வேண்டாம். பி0299 என்றால் டர்போ அழுத்தம் தேவைக்குக் கீழே. பி0234 என்றால் தேவைக்கு மேலே. பி0087 டீசல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம் குறைவு, பி0101 காற்றளவு காட்டும் மாஃப் சென்சரின் கணக்கு உதைக்கிறது, பி2463 டிபிஎஃப்பில் கரி சேர்ந்துவிட்டது. பி0299 வந்தால் ‘டர்போவை மாற்று’ என்று கம்ப்யூட்டர் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்ட அழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே அது சொல்லும் சேதி. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மேப் சென்சர் அளவைப் பாருங்கள். இன்டேக் பாதையில் இருக்கும் காற்றழுத்தத்தை அது கிலோபாஸ்கலில் காட்டும். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கடல் மட்டத்தில் 101 இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் ஊர்க் கணக்கு வேறு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 95 அல்லது 96 காட்டினால் சரி. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் 91 காட்டும். ஓசூரில் 91 வருவதைப் பார்த்துவிட்டு நல்ல சென்சரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிக்காற்று அழுத்தத்தைத் தனியாகக் காட்டும் வண்டியில் இரண்டும் ஒன்றிரண்டு எண்ணுக்குள் ஒத்துப்போக வேண்டும். பத்து எண் வித்தியாசம் வந்தால் மேப் சென்சரில் எண்ணெய்க் கரி படிந்திருக்கலாம். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கவும்.

இந்த எண்ணைக் குறித்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூஸ்ட் என்று நாம் சொல்வது மேப் அளவிலிருந்து வெளிக்காற்றைக் கழித்தது. மேப் 196, வெளிக்காற்று 96 என்றால் பூஸ்ட் 100 கிலோபாஸ்கல், அதாவது 1 பார், 14.5 பிஎஸ்ஐ. சில செயலிகள் கடல் மட்டக் கணக்கையே கழிக்கும், அதனால் ஓசூரில் ஒன்றரை பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். மேப் எண்ணை நேரடியாகப் பார்ப்பதே நல்லது.

ஓடும்போது

இந்தச் சோதனைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, பக்கத்து இருக்கையில் இருப்பவர் கைப்பேசியைப் பார்க்க. இடம் தேர்வில் ஒரு விஷயம்: தொப்பூர் கணவாய் வேண்டவே வேண்டாம். சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏறும் பக்கம் நல்ல ஏற்றம்தான், லோடுக்கு ஏற்ற இடம்தான். ஆனால் அங்கே நடக்கும் விபத்துகளின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். வளைவில்லாத, பின்னால் வண்டி வராத, மெல்லிய ஏற்றம் உள்ள சாலையாகப் பாருங்கள். வத்தல்மலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே மூச்சில் மிதிக்க முடியாது, அதனால் அளவும் கிடைக்காது.

இன்ஜின் சூடான பிறகு ஏசியை அணைத்து, மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் பிடித்து, பெடலை முழுக்க மிதித்து 3,500 வரை விடுங்கள். மேப், ஆர்பிஎம், பெடல் அளவு, டீசலாக இருந்தால் ரெயில் அழுத்தம், இந்த நான்கையும் பதிவில் போடுங்கள். மலிவு அடாப்டரில் எட்டுப் பத்து அளவுகளை ஒரே நேரத்தில் போட்டால் ஒவ்வொன்றும் நொண்டி நொண்டித்தான் வரும்.

சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜினில் முழு மிதியில் மேப் 160 முதல் 200 வரை, டீசலில் 200 முதல் 250 வரை போவது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். அதே மாடல் நல்ல வண்டி ஒன்று கிடைத்தால் அதில் ஒருமுறை பார்த்து ஒப்பிடுவதை விடச் சிறந்த அளவுகோல் கிடையாது. ஒன்றைக் கவனிக்க: பொதுவான ஓபிடி முறையில் மேப் 255-க்கு மேல் காட்ட வழியில்லை. டீசலில் எண் 255-இல் போய் நின்றுவிட்டால் அது கோளாறு கிடையாது, அளவுகோல் அவ்வளவுதான்.

பதிவைப் பார்த்ததும் பாதை பிரியும். மேப் ஏறவில்லை, 2,200 ஆர்பிஎம் தாண்டியும் 120, 130 என்று தவழ்கிறது என்றால் காற்றுப் பக்கம் போங்கள். மேப் நன்றாக ஏறி, ரெயில் அழுத்தம் கேட்டதற்குக் கீழே சரிகிறது என்றால் டீசல் பக்கம். இன்ஜின் நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது ரெயில் அழுத்தம் 250 முதல் 350 பார், முழு மிதியில் 1,300-க்கு மேல் போவது சாதாரணம். செயலி கிலோபாஸ்கலில் காட்டினால் 30,000 என்பது 300 பார். மேப் வேகமாக ஏறி உச்சத்தைத் தாண்டிக் குதித்து, உடனே சக்தி அறுந்தால் பூஸ்ட் கூடுதலாகிறது: விஜிடி (அசையும் இதழ்கள் உள்ள) டர்போவின் இதழ்கள் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். பெடலை முழுக்க மிதித்தும் பெடல் அளவு பாதியில் நின்றால் பெடல் சென்சர். சில வண்டிகளில் பெடல் அளவு 15-இல் தொடங்கி 80-இல் முடியும், 100 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். நடுவில் விட்டு விட்டுக் குதிக்காமல் சீராக ஏறினால் போதும்.

காற்று எங்கே போகிறது

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் லாரிகளின் பின்னால் தினம் ஓடும் வண்டிக்கு, சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. பாதி தூரத்திலேயே திறந்து பாருங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசரை முழு அழுத்தத்தில் பிடித்து ஊதினால் காகிதம் கிழிந்து கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஊதியே ஆக வேண்டுமென்றால் 2 பாருக்குக் கீழே, உள்ளிருந்து வெளிப்பக்கமாக. ஃபில்டருக்கு அப்பால் உள்ள சுத்தமான குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மாவு போன்ற கல் தூசி ஒட்டினால் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை. அந்தத் தூசி நிமிடத்துக்கு லட்சம் முறைக்கு மேல் சுழலும் டர்போ சக்கரத்தில் போய் அடித்து, இறக்கை நுனிகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது மாதிரி ஆக்கிவிடும்.

ஃபில்டர் சரி என்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் பெரிய ஹோஸ்கள். வண்டி நின்று ஓடும்போது இவற்றில் அழுத்தமே இருக்காது. அதனால்தான் பட்டறை வாசலில் நிறுத்திப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஏற்றத்தில் மட்டும் வெடிப்பு வாயைத் திறக்கும். கண்ணால் பார்ப்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. டர்போ காற்றில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கும். கசியும் இடத்தில் அது வெளியே தெறித்து, அதன்மேல் நம் ஊர்ச் செம்மண்ணும் கல் தூசியும் ஒட்டி, ஈரமான கறுப்புத் திட்டாக நிற்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசி, ஓரிடம் மட்டும் ஈரக் கறுப்பு என்றால் அங்கே கையை வையுங்கள். ஹோஸின் அடிப்பக்கம், டர்போ வாயை ஒட்டிய வளைவு, விசிறி உறையில் உரசும் இடம், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேரும் மடிப்பு, கம்பி கிளிப் போட்ட இணைப்புகளின் ஓ-ரிங், இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

கண்ணுக்கு அகப்படாவிட்டால் காற்றடித்துப் பார்க்க வேண்டும். பிரச்சனை காற்றுப் பக்கம் என்று பதிவு சொன்னால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். வேண்டியவை: ஹோஸ் வாய்க்குப் பொருந்தும் இரண்டு பிவிசி மூடிகள் (50 முதல் 70 மில்லிமீட்டருக்குள் ஒன்று பொருந்தும்), ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்று, கிளாம்ப் இரண்டு, அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும் மீட்டரும் உள்ள காற்றுக் குழாய், ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு ஸ்பூன் கலந்த ஸ்ப்ரே பாட்டில்.

1. ஒரு மூடியின் நடுவில் 11.5 மில்லிமீட்டர் துளை போட்டு டயர் வால்வை உள்ளிருந்து இழுத்துப் பொருத்துங்கள்.

2. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். டர்போவின் வெளிவாயில் ஹோஸைக் கழற்றி வால்வு வைத்த மூடியைப் போடுங்கள். இன்ஜின் பக்கம், த்ராட்டில் அல்லது இன்டேக் மேனிஃபோல்டு சேரும் முனையைக் கழற்றி மற்ற மூடியால் அடையுங்கள். இரண்டு முனையும் அடைபட்டால் காற்று இன்ஜினுக்குள் போகாது. ஆயில் சீல்களுக்கு ஆபத்தில்லை, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சைலன்சரில் கசிந்து குழப்பவும் செய்யாது.

3. மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். 60 மில்லிமீட்டர் மூடியை 1 பார் காற்று ஏறக்குறைய 29 கிலோ விசையோடு தள்ளும். கிளாம்ப் நழுவினால் மூடி பறந்து வரும்.

4. ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கி முதலில் 0.3 பார். சீறல் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். பிறகு 0.7. அதிகபட்சம் 1 பார், அதற்கு மேல் வேண்டாம். பஞ்சர் கடைத் தொட்டியில் 8 பார் இருக்கும், ரெகுலேட்டர் இல்லாமல் அதை நேரே கொடுத்தால் நல்ல இன்டர்கூலரும் பிளக்கும்.

5. காற்றை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் பரவாயில்லை. ஐந்து நொடியில் பாதிக்கு விழுந்தால் சோப்புத் தண்ணீரை ஹோஸின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி அடியுங்கள். குமிழ் வரும் இடம் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும் இடம்.

இந்த முறையில் இரண்டு இடங்கள் சோதிக்கப்படாமல் விடுபடும்: டர்போவின் வெளிவாய் இணைப்பு, மேனிஃபோல்டு கேஸ்கட். ஹோஸைத் திரும்ப மாட்டிய பின் அவற்றைக் கையால் ஆட்டியும், எண்ணெய்த் தடம் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். மாட்டும்போது ஹோஸ் வாயையும் குழாயையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து மாட்டுங்கள். பிசுபிசுப்போடு மாட்டிய ஹோஸ் முதல் ஏற்றத்திலேயே கழன்று வரும், புது ஹோஸ் வாங்கியவர்களுக்கும்தான்.

இஜிஆர் திறந்தபடி கரியில் சிக்கினால் புதிய காற்றுக்குப் பதில் எரிந்த புகையே இன்ஜினுக்குள் திரும்பப் போகும். கீழ் வேகத்தில் இழுவை இல்லாமையும் கரும்புகையும் சேர்ந்து வரும். கழற்றிச் சுத்தம் செய்து, வால்வு தானாக முழுக்க மூடுகிறதா என்று பாருங்கள். தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துத் தரும் ‘வைத்தியத்தை’ ஏற்காதீர்கள். பிஎஸ்6 வண்டியில் அது செக் லைட்டையும் டிபிஎஃப் தொல்லையையும் சேர்த்தே கொண்டு வரும், சட்டப்படியும் தவறு.

மாஃப் சென்சர் உள்ள வண்டியில் அதை அதற்கென்றே விற்கும் மாஃப் கிளீனர் ஸ்ப்ரேயால் மட்டும் அடித்துக் காயவிட வேண்டும். துணியோ, பிரஷ்ஷோ, கார்புரேட்டர் கிளீனரோ படக்கூடாது. எல்லா வண்டியிலும் மாஃப் இருக்காது, மேப் மட்டும் வைத்து ஓடும் டர்போ பெட்ரோல் வண்டிகள் நிறைய உண்டு.

டர்போவை ஆட்டி வைக்கும் சின்னக் குழாய்

விஜிடி டர்போவில் புகைக்காற்று பாயும் வழியில் அசையும் இதழ்கள் உண்டு. குறைந்த வேகத்தில் அவை மூடி, வழியைக் குறுக்கி, சக்கரத்தை வேகமாகச் சுற்றவைக்கும். அவற்றை ஆட்டுவது ஓர் ஆக்சுவேட்டர். பழைய டீசல்களில் பெரும்பாலும் வேக்குவத்தில், புதியவற்றில் பல மின்மோட்டாரில். வேக்குவம் வகையில் வேக்குவம் போய்ச் சேராவிட்டால் இதழ்கள் திறந்தே கிடக்கும், டர்போ சும்மா சுற்றும். பென்சில் கனத்துக் குழாய் ஒன்று கிழிந்தால் போதும், பெரிய டர்போ படுத்துவிடும்.

மாந்தோப்பிலோ, வைக்கோல் போர் பக்கத்திலோ நிறுத்தும் வண்டிகளில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். எலிக்கும் அணிலுக்கும் இந்த ரப்பர் குழாய் மேல் அப்படி ஒரு பிரியம். பிரேக் பூஸ்டர் பக்கமிருந்து சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும்) வால்வுக்கும், அங்கிருந்து ஆக்சுவேட்டருக்கும் போகும் குழாய்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள். முனைகளில் விரிந்து தளர்ந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டலாம், நடுவில் வெடித்திருந்தால் மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றலாம். டீச்செலவுதான்.

குழாய்கள் சரி என்றால் மீட்டருள்ள கை வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் நேரடியாக மாட்டி இழுங்கள். ஆக்சுவேட்டரின் கம்பி படிப்படியாக, திக்காமல் நகர வேண்டும், விட்டதும் முழுக்கத் திரும்ப வேண்டும். இழுத்து ஒரு நிமிடம் வைத்தாலும் முள் இறங்கக்கூடாது. இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. சவ்வு நன்றாக இருந்தும் கம்பி பாதியில் சிக்கினால் இதழ்களில் கரி. முழு மிதி வாங்காமல், ஊருக்குள்ளேயே இரண்டாவது மூன்றாவது கியரில் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். டர்போவைப் பிரித்துக் கரியைச் சுத்தம் செய்தால் பல நேரம் பழைய நிலைக்கு வந்துவிடும், புதிது தேவைப்படாது.

இன்ஜின் ஓடும்போது பம்பிலிருந்து வரும் வேக்குவத்தையும் அளந்துவிடுங்கள், சும்மா ஓடும்போது 0.8 பார் அருகே நிற்க வேண்டும். அங்கே இருந்தும் ஆக்சுவேட்டர் முனையில் வரவில்லை என்றால் நடுவில் உள்ள சோலனாய்டு. மின்மோட்டார் ஆக்சுவேட்டரைக் கையால் தள்ளிப் பார்க்காதீர்கள், உள்ளே பற்சக்கரத்தின் பல் உடையும். அதற்கு பட்டறை ஸ்கேனரால் கட்டளை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேஸ்ட்கேட் (கூடுதல் புகையை டர்போ சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும் கதவு) மட்டும் உள்ள சாதா டர்போவில் கதை தலைகீழ். அங்கே கம்பியைக் கையால் சுலபமாக இழுக்க முடிந்தால் அல்லது கதவு முழுக்க மூடாமல் ஆடினால் பூஸ்ட் ஒழுகிப்போகிறது. டர்போ பெட்ரோலில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்றைத் திருப்பி விடும் வால்வு ஒன்றும் உண்டு, அதன் சவ்வு கிழிந்தாலும் இதே அறிகுறிதான்.

மற்றவை

டீசல் பக்கம்: ஃபில்டரை மாற்றிய தேதி தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், அதன் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். கேனில் வாங்கி ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். அதற்குப் பிறகும் ரெயில் அழுத்தம் விழுந்தால் இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களை நான்கு பாட்டில்களில் விட்டு ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரே அளவும் ஒன்றில் இரண்டு மடங்கும் நிறைந்தால் அந்த ஒன்று கசிகிறது. டீசல் குழாய் இணைப்புகளை இன்ஜின் ஓடும்போது தளர்த்தாதீர்கள். ரெயிலில் இருக்கும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டர்போ பெட்ரோல்: பூஸ்ட் ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டிப் போனால் ஸ்பார்க் ப்ளக். இடைவெளி பல இன்ஜின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், தேய்ந்து 1-ஐத் தாண்டினால் அழுத்தமான காற்றில் பொறி பாயாது. செக் லைட் மினுக்கி மினுக்கி எரிந்தால் மிஸ்ஃபயர், உடனே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கி அடைத்துவிடும், அப்புறம் இழுவையே இருக்காது.

டிபிஎஃப்: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசலில் இது இருக்கும். அடைத்துக்கொண்டால் புகை வெளியேற முடியாமல் டர்போவும் சுற்றாது, பி0299-உம் வரும். ஆகவே டர்போவைக் குறை சொல்லும் முன் டிபிஎஃப்பின் இருபுற அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சரே பொய் சொல்கிறது. தினம் நாலு கிலோமீட்டர் கடைக்குப் போய் வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை நிச்சயம். விளக்கு எரியத் தொடங்கியதும் கால் டேங்குக்கு மேல் டீசல் போட்டு, கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை நெடுஞ்சாலையில் 60-க்குக் குறையாமல், 2,000 ஆர்பிஎம் பக்கம் நிற்கும் கியரில் ஒரே ஓட்டமாகப் போனால் பெரும்பாலும் தானாக எரித்துக்கொள்ளும். பாதியில் பாதியில் நின்றுபோன எரிப்புகளால் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் பார்க்கும் கம்பியில் அளவு ஏறியிருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

கடைசியாக டர்போ

இன்ஜின் ஆறியபின், டர்போவின் உள்வாய் ஹோஸைக் கழற்றி சக்கரத்தின் நடுத்தண்டை இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் தெரியவே கூடாது. பக்கவாட்டில் தள்ளி வைத்துச் சுற்றும்போது இறக்கை சுவரில் உரசினாலோ, சுவரில் புதிய கீறல் வட்டம் தெரிந்தாலோ, இறக்கை நுனி உடைந்திருந்தாலோ அப்போதுதான் டர்போ போனது. ஹோஸுக்குள் எண்ணெய் மெழுகின மாதிரி இருப்பது சாதாரணம். சாய்த்தால் ஊற்றுகிற அளவு இருந்தால் சாதாரணம் இல்லை.

பட்டறையில் டர்போ மாற்றச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: ‘அண்ணா, ஹோஸுக்குக் காத்து அடிச்சுப் பாத்தீங்களா? ஆக்சுவேட்டர்ல வேக்குவம் நிக்குதா? தண்டு ஆட்டத்தை நான் ஒரு தடவ பாக்கலாமா?’ வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கூப்பிட்டே காட்டுவார்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டக்கூடாது. டர்போவைக் கொல்வது பெரும்பாலும் ஆயில் பஞ்சம். ஆயில் வரும் மெல்லிய குழாயும் அதன் துளை போல்ட்டும் கரியில் அடைத்திருக்கும், அவற்றைச் சுத்தம் செய்வதை விடப் புதிதாகப் போடுவது மேல். ஆயில் திரும்பும் குழாயும் திறந்திருக்க வேண்டும். இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய எண்ணெயையும் உலோகத் துணுக்கையும் முழுக்க வெளியேற்றுங்கள். தேங்கிய எண்ணெய் இன்ஜினுக்குள் போனால் டீசல் வண்டி சாவியை அணைத்தும் நிற்காமல் ஓடி இன்ஜினையே தின்றுவிடும். புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், புது ஏர் ஃபில்டர். டர்போவின் ஆயில் துளையில் புது ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பிறகு எரிபொருளை நிறுத்திவைத்து ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பின் மூன்று நான்கு நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு, இணைப்புகளில் ஆயில் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் பிறகு அதே சாலையில், அதே மூன்றாவது கியரில் மேப் பதிவை இன்னொரு முறை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.